துருவை வென்ற தொழிலாளி
ஹாரி பிரியர்லியின் வாழ்க்கையும் நமக்கு அது தரும் பாடமும்

திருப்பூர் ராயபுரத்து வீதிகளில் காலை வேளையில் நடந்து செல்பவன் காதில் விழுவது தையல் யந்திரங்களின் ஓசை. கண்ணில் படுவது மூட்டை மூட்டையாய் ஏற்றி இறக்கப்படும் பின்னல் துணி. அத்துணி வெள்ளை வெளேரென்றோ, செக்கச் செவேலென்றோ இருப்பதை நாம் இயல்பென்று எண்ணிக் கடந்து செல்கிறோம். ஆனால் அது பனியனாகு முன்னர் எத்தனை வெந்நீரிலும் காரத்திலும் திராவகத்திலும் குளித்து எழுந்தது என்பதைச் சாயப்பட்டறையில் உழைப்பவனே அறிவான். வெளுப்பதற்குப் பெராக்சைடு, சாயம் பிடிப்பதற்கு உப்பும் சோடாவும், சோடாவின் காரத்தைத் தணிப்பதற்கு அசிட்டிக் ஆசிட். இவை அனைத்தையும் கொதிக்கக் கொதிக்கத் தாங்கி நிற்கும் பாத்திரம் ஒன்று வேண்டும்.

அப்பாத்திரம் வெறும் இரும்பாயிருந்தால் என்ன நேரும்? ஓர் இரவில் துருப் பிடிக்கும். அத்துரு துணியில் செம்புள்ளியாகப் படியும். அதோடு நிற்பதில்லை. இரும்பின் துணுக்கு பட்ட இடத்தில் பெராக்சைடு மூர்க்கமாகச் சிதைந்து பஞ்சிழையையே தின்றுவிடும். வெளுத்த துணியில் ஊசிமுனைத் துவாரங்கள் தோன்றும். ஆகையால் சாயப்பட்டறையில் வின்ச் முதல் சாஃப்ட் ஃப்ளோ வரையில் துணியும் நீரும் தொடும் பாகமெல்லாம் ஒரே உலோகத்தால் ஆனவை. நம் வீட்டுப் பெண்மணிகள் அதே உலோகத்தை எவர்சில்வர் என்று அழைக்கிறார்கள். அதில் வெள்ளி அணுவளவும் இல்லை. அது இரும்போடு குரோமியம் என்னும் உலோகத்தைக் கலந்து செய்த உருக்கு.

இந்த உருக்கைச் சந்தைக்குக் கொண்டு வந்தவர் சர்வகலாசாலைப் பட்டம் பெற்றவரல்லர். பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டு, ரசாயனச் சாலையில் சீசா கழுவும் வேலைக்குப் போன ஒரு கூலித் தொழிலாளியின் மகன். ஹாரி பிரியர்லி என்பது அவர் பெயர். அவருடைய சரித்திரத்தைத் தொழிலாளரும் முதலாளிகளும் தேசப்பணியில் ஈடுபட்டோரும் அறிந்துகொள்வது நலம்.

உலைக்களத்தில் வளர்ந்த பிள்ளை

பிரியர்லி 1871-ஆம் வருஷம் பிப்ரவரி 18-ந் தேதி இங்கிலாந்திலுள்ள ஷெபீல்டு நகரில் பிறந்தார். கத்திக்கும் கத்தரிக்கும் பல நூற்றாண்டுகளாகப் பெயர் பெற்ற ஊர் அது. திருப்பூர்வாசிகளுக்கு அவ்வூரின் அமைப்பை விளக்குவது எளிது. பெரிய ஆலைகள் சில உண்டு. அவற்றைச் சுற்றி எண்ணற்ற சிறு பட்டறைகள். ஒருவன் கத்தியை அடிப்பான். மற்றொருவன் சாணை பிடிப்பான். இன்னொருவன் பிடி போடுவான். இங்கே பின்னல் ஓரிடம், சாயம் ஓரிடம், வெட்டு ஓரிடம், தையல் ஓரிடம் என்று துணி வீதி வீதியாய்ப் பயணம் செய்வது போலவே, அங்கே கத்தி பயணம் செய்தது. சாணைத் தூசி தொழிலாளரின் நுரையீரலைத் தின்றதும் அவ்வூரின் பழைய கதை.

ஹாரியின் தகப்பனார் ஜான் பிரியர்லி மூசையில் உருக்கு உருக்கும் தொழிலாளி. மண் மூசைக்குள் இரும்பையும் சேர்க்க வேண்டிய சரக்குகளையும் இட்டு, வெண்சூடு ஏறும் உலையில் வைத்து, கண்ணால் பார்த்தே பதம் அறிந்து வார்க்க வேண்டும். அதற்குத் தராசும் இல்லை, வெப்பமானியும் இல்லை, அனுபவமே சாஸ்திரம். குடும்பமோ பெரிது, குடியிருந்ததோ நெருக்கமான சந்தில் ஒரு சிறு வீடு. தகப்பனாருக்குச் சாப்பாடு கொண்டு போன சிறுவன், உலைக்களத்தின் ஓரத்தில் நின்று அவ்வேலையைக் கண் கொட்டாமல் பார்த்தான். பிற்காலத்தில் உலகப் பிரசித்தி பெற்ற பின்னரும், உருக்கை உண்மையில் அறிந்தவன் உலையருகே நிற்பவனே என்ற எண்ணம் அவரை விட்டு நீங்கவில்லை.

பள்ளிப் படிப்பு பன்னிரண்டு வயதோடு முடிந்தது. தகப்பனார் வேலை பார்த்த தாமஸ் பர்த் கம்பெனியின் ஆலையில் எடுபிடிப் பையனாகச் சிறிது காலம் இருந்தபின், அதே கம்பெனியின் ரசாயனப் பரிசோதனைச் சாலையில் சீசா கழுவும் வேலை கிடைத்தது. அச்சாலையின் தலைவர் ஜேம்ஸ் டெய்லர் என்பவர். அவரும் வறுமையிலிருந்து சொந்த முயற்சியால் மேலே வந்தவர். சீசா கழுவும் பையனிடம் அறிவுப் பசி இருப்பதைக் கண்டு, கணக்குப் புத்தகம் கொடுத்துப் படிக்கச் சொன்னார், கைவேலைகளையும் பழக்கினார். ஹாரி இரவுப் பள்ளியில் சேர்ந்தார். பகலில் உத்தியோகம், இரவில் படிப்பு என்று வருஷங்கள் சென்றன. உருக்கிலுள்ள சரக்குகளைப் பகுத்து அளவிடும் வித்தையில் அவருக்கு ஈடு எவருமில்லை என்னும் நிலை ஏற்பட்டது. 1902-இல் பிரெட் இபட்சன் என்பவருடன் சேர்ந்து அத்துறையில் ஒரு நூலும் வெளியிட்டார். சீசா கழுவிய பையன் நூலாசிரியரானார்.

1904-இல் பர்த் கம்பெனியார் ருஷ்ய ஆட்சியின் கீழிருந்த ரீகா நகரில் தாங்கள் நடத்திய உருக்காலைக்கு அவரை அனுப்பினார்கள். மறு வருஷமே ருஷ்யாவில் புரட்சி வெடித்தது. வேலை நிறுத்தங்களுக்கும் கலவரங்களுக்கும் இடையில், பாஷை தெரியாத தொழிலாளருக்கு உருக்கின் பதத்தைக் கற்பிக்கும் பொறுப்பு அவருக்கு வாய்த்தது. ரசாயனியாகச் சென்றவர் ஆலை நிர்வாகியாக உயர்ந்து ஊர் திரும்பினார். 1908-இல் பர்த் கம்பெனியும் ஜான் பிரவுன் கம்பெனியும் கூட்டாக ஓர் ஆராய்ச்சிச் சாலையை அமைத்தபோது, அதன் தலைமை அவரைத் தேடி வந்தது.

துப்பாக்கியைத் தேடி, கத்தியைக் கண்டார்

1912-இல் துப்பாக்கி செய்பவர்கள் ஒரு தொல்லையோடு அவரிடம் வந்தார்கள். சுடச்சுட துப்பாக்கிக் குழலின் உட்புறம் வெடிமருந்தின் வெப்ப வாயுவால் தேய்ந்து போகிறது. அதைத் தாங்கும் உருக்கு வேண்டும் என்பது அவர்கள் கேட்டது. குரோமியம் கலந்த உருக்கு எளிதில் உருகாது என்பதால், குரோமியத்தையும் கரியையும் பல அளவுகளில் கலந்து பிரியர்லி பரீக்ஷை செய்யத் தொடங்கினார். முதலில் மூசையில் வார்த்தவை பயன்படவில்லை. பிறகு மின்சார உலையில் முயன்றார். 1913-ஆம் வருஷம் ஆகஸ்டு 13-ந் தேதி வார்த்த உருக்கில் நூற்றுக்கு 12.8 பங்கு குரோமியமும் 0.24 பங்கு கரியும் இருந்தன.

குப்பையில் எறிந்த உருக்குத் துண்டு மழையில் நனைந்தும் பளபளப்பதைக் கண்டு அவர் திகைத்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை அழகாயிருக்கலாம், ஆனால் உண்மை அதைவிடச் சிறந்தது. உருக்கின் உள்ளமைப்பை நுண்ணாடியில் பார்ப்பதற்கு, அதன் முகத்தை மெருகேற்றி, சாராயத்தில் கரைத்த வெடியுப்புத் திராவகத்தை அதன்மேல் இட வேண்டும். திராவகம் உலோகத்தை ஆங்காங்கே அரித்தால்தான் உள்ளமைப்பு கண்ணுக்குத் தெரியும். இப்புதிய உருக்கைத் திராவகம் அரிக்கவில்லை! தன் வேலைக்கு இடையூறாக நின்ற இந்தக் குறையைக் கண்டு வேறொருவராயிருந்தால் சலித்துக்கொண்டு வேறு திராவகம் தேடியிருப்பார். பிரியர்லியோ அந்த இடையூறே பெரும் செல்வம் என்று உணர்ந்தார். காடியில் இட்டுப் பார்த்தார், எலுமிச்சம்பழச் சாற்றில் இட்டுப் பார்த்தார், உருக்கு மங்கவில்லை. ஷெபீல்டில் பிறந்தவர் என்ற முறையில் அவர் மனம் துப்பாக்கியை விட்டுச் சாப்பாட்டு மேஜைக்குத் தாவியது. அக்காலத்துக் கத்திகளை ஒவ்வொரு வேளையும் தேய்த்துத் துடைத்து வைக்காவிடில் கறுத்துத் துருவேறும். இனி அந்தத் தொல்லை இல்லை என்று கண்டார்.

ஆனால் கண்டவர் ஒருவர். நம்ப வேண்டியவர்கள் பலர். துப்பாக்கிக்காரர்கள் புதிய உருக்கால் பெரிய நன்மை எதையும் காணவில்லை. கத்தி செய்யும் இரண்டு ஸ்தாபனங்களுக்கு உருக்கை அனுப்பினார். அடிக்கவும் சாணை பிடிக்கவும் பதமேற்றவும் கடினம், கத்திக்கு உதவாது என்று பதில் வந்தது. பழகிய சூட்டில் பழகிய முறையில் பதமேற்றினால் இவ்வுருக்கு கூர்மை கொள்ளாது. அதிகச் சூடு வேண்டும். இந்த நுட்பத்தை உணராமல் உருக்கின் மீது பழியைப் போட்டார்கள். வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்ற பரிகாசமும் அவருக்குக் கிடைத்தது. கம்பெனி முதலாளிகளோ அசையவேயில்லை.

1914-இல் மோஸ்லி கம்பெனியின் கத்திப் பிரிவு நிர்வாகியான எர்னஸ்ட் ஸ்டூவர்ட் என்பவரின் நட்பு ஏற்பட்டது. துருவேறாத உருக்கு உலகில் உண்டா என்று ஐயுற்ற அவர், ஒரு துண்டைக் காடியில் இட்டுச் சோதித்த பின் சம்மதித்தார். முதல் இரு முயற்சிகளும் தோற்றன. மூன்றாவது முறை பிரியர்லியே நேரில் நின்று எவ்வளவு சூட்டில் அடிக்க வேண்டும், எவ்வளவு சூட்டில் பதமேற்ற வேண்டும் என்பதைக் காட்டினார். நல்ல கத்திகள் பிறந்தன. துருவேறாத உருக்கு என்று பிரியர்லி வைத்திருந்த பெயரைக் கறை படியாத உருக்கு என்று பொருள்படும்படி மாற்றியவர் ஸ்டூவர்ட்தான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று இன்று உலகம் வழங்குவது அப்பெயரே.

காப்புரிமை எவருக்கு?

இனி வருவது நம் கவனத்துக்கு உரிய பகுதி. புதிய உருக்கால் பணம் வரும் என்று தெரிந்ததும், அது எவருடைய சொத்து என்ற கேள்வி பிறந்தது. காப்புரிமை பெறுங்கள் என்று பிரியர்லி வற்புறுத்தியபோது கம்பெனியார் பொருட்படுத்தவில்லை. வியாபாரம் சூடு பிடித்ததும், தங்கள் சம்பளத்தில் இருந்தவன் கண்டது தங்களுக்கே உரியது என்றார்கள். கண்டுபிடிப்புகளின் பலனில் தமக்கும் பங்கு உண்டு என்பதே தம் ஒப்பந்தத்தின் கருத்து என்று பிரியர்லி வாதித்தார். பணத்தைவிட மரியாதையே அவருக்குப் பெரிதாயிருந்தது. 1914-ஆம் வருஷ முடிவில், பன்னிரண்டு வயது முதல் தம் வாழ்வோடு பிணைந்திருந்த கம்பெனியை விட்டு விலகினார். 1915-இல் பிரவுன் பெய்லி என்னும் வேறொரு ஷெபீல்டு உருக்காலையில் நிர்வாகியாகச் சேர்ந்தார். பிற்பாடு அதன் டைரக்டர்களில் ஒருவராகவும் ஆனார்.

அமெரிக்காவில் அவர் தம் பெயரிலேயே மனுச் செய்து 1916-ஆம் வருஷம் செப்டம்பரில் காப்புரிமை பெற்றார். அங்கே எல்வுட் ஹேன்ஸ் என்ற அமெரிக்கரும் தனியாக இதே துறையில் உழைத்து, தாமும் உரிமை கோரினார். வழக்காடி அழிவதைவிடக் கூடி வாழ்வதே நன்று என்று இரு தரப்பாரும் ஒரு கம்பெனியில் இணைந்தார்கள். இங்கிலாந்திலும் 1917-இல் பர்த் கம்பெனியும் பிரியர்லியும் பங்காளிகளாக ஒரு கூட்டு ஸ்தாபனம் ஏற்பட்டது. சில வருஷங்களுக்கு முன் செய்திருக்கக் கூடிய நியாயத்தை, வேறு வழியில்லாதபோது செய்தார்கள்.

இதற்கிடையில் முதல் உலக யுத்தம் மூண்டது. சர்க்கார் இவ்வுருக்கு முழுவதையும் ஆகாய விமான யந்திரங்களின் வால்வுகளுக்கென்று ஒதுக்கி, கத்தி செய்வதைத் தடுத்தது. துப்பாக்கிக்காகத் தேடியது கத்தியாயிற்று; கத்தி மீண்டும் யுத்தத்துக்கே போயிற்று. சாந்தி ஏற்பட்ட பின்னரே சாதாரண ஜனங்களின் வீட்டுக்கு அது வந்து சேர்ந்தது.

1920-இல் இரும்பு உருக்குத் துறையின் மிக உயர்ந்த கௌரவமான பெஸ்ஸெமர் தங்கப் பதக்கம் பிரியர்லிக்கு அளிக்கப்பட்டது. 1939-இல் ஷெபீல்டு நகரம் அவருக்குத் தன் நகர கௌரவத்தை வழங்கியது. 1941-இல் தம் செல்வத்தில் ஒரு பகுதியைக் கொண்டு ஏழைகளுக்கு வாய்ப்பளிக்கும் தர்ம ஸ்தாபனம் ஒன்றை நிறுவினார். தம் வாழ்க்கையையும் நூலாக எழுதினார். 1948-ஆம் வருஷம் ஜூலை 14-ந் தேதி டார்க்கி என்னும் கடற்கரை ஊரில் காலமானார்.

ஒரு திராவகத்தை நம்பியவரும் பல திராவகத்தை நாடியவரும்

குரோமியம் கலந்த இரும்பை முதன்முதல் எண்ணியவர் பிரியர்லி அல்லர். 1821-லேயே பிரெஞ்சு அறிஞர் பெர்தியே அதன் திராவகம் தாங்கும் குணத்தைக் குறிப்பிட்டார். ஜெர்மனியில் மொன்னார்ட்ஸ் 1911-இல் அதை விரிவாக ஆராய்ந்து எழுதினார். குரூப் கம்பெனியைச் சேர்ந்த மௌரரும் ஸ்ட்ராஸும் 1912-இல் குரோமியத்தோடு நிக்கலும் கலந்த உருக்குக்குக் காப்புரிமைக்கு மனுச் செய்தார்கள். பிரியர்லி விட்டுச் சென்ற ஆராய்ச்சிச் சாலையில் அவருக்குப் பின் வந்த ஹாட்பீல்டு 1924-இல் 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் கொண்ட உருக்கை உருவாக்கினார். நம் சமையலறைப் பாத்திரங்களில் நல்ல ரகம் பெரும்பாலும் அவ்வழி வந்ததே. ஆகவே புகழை ஒருவருக்கே முடியாகச் சூட்டுவது முறையன்று. பிரியர்லியின் பெருமை, கண்டதை உணர்ந்ததும், உணர்ந்ததை விடாமல் சந்தை வரை சுமந்து சென்றதுமே.

ஷெபீல்டைச் சேர்ந்த மற்றொரு மேதாவியான ராபர்ட் ஹாட்பீல்டு என்பவர் — மேலே சொன்ன ஹாட்பீல்டு வேறு, இவர் வேறு — 1892-இல் குரோமிய உருக்கைச் சோதித்து, குரோமியம் சேர்ந்தால் அரிப்பு கூடுகிறது என்று முடிவு கட்டினார். காரணம் யாது? அவர் கந்தகத் திராவகத்தில் மட்டுமே சோதித்தார். கேள்வி ஒன்றையே கேட்டார். ஆகவே விடையும் ஒன்றே கிடைத்தது. அம்முடிவு பலரை அவ்வழி போகாமல் தடுத்தது.

இதன் ரகசியத்தை நேயர்கள் அறிதல் வேண்டும். குரோமியம் நூற்றுக்குச் சுமார் 11 அல்லது 12 பங்குக்கு மேற்பட்டால், காற்றிலும் நீரிலும் உள்ள பிராணவாயுவோடு அது கூடி, உருக்கின் மேல் ஒரு மெல்லிய போர்வையாகப் படிகிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் அவற்றில் சில கூறுகளே அதன் கனம். கண்ணுக்குத் தெரியாத இப்போர்வையே கவசம். கீறினாலும் பிராணவாயு கிடைத்தவுடன் தானே மீண்டும் வளரும். வெடியுப்புத் திராவகம் பிராணவாயுவைத் தரக்கூடியது. ஆகையால் கவசத்தை வலுப்படுத்துகிறது. நடுத்தர வலிவுள்ள கந்தகத் திராவகமும், உப்புத் திராவகமும் அவ்வாறில்லை. கவசத்தைக் களைந்து எறிகின்றன.

எனவே எல்லாத் திராவகத்தையும் தாங்கும் மலிவான உலோகம் என்று ஒன்று இல்லை. கந்தகத் திராவகத்துக்குச் சுமார் 14 பங்கு சிலிக்கன் கலந்த வார்ப்பிரும்பு ஏற்றது. ஆனால் அது கண்ணாடிபோல் உடையும். உப்புத் திராவகத்துக்கு நிக்கலும் மாலிப்டினமும் மிகுந்த கலப்பு உலோகம் வேண்டும். விலையோ மிக அதிகம். சாதாரண உப்பும் எவர்சில்வருக்குப் பகையே. உப்பிலுள்ள குளோரின் அணு கவசத்தில் ஊசித் துவாரமிட்டு உள்ளே இறங்கும். ஆகையால்தான் சாயப்பட்டறை யந்திரத்துக்கு மாலிப்டினம் இரண்டு மூன்று பங்கு சேர்ந்த 316 என்னும் ரகத்தைக் கேட்டு வாங்குகிறார்கள். விலை குறைவென்று கீழ் ரகத்தை வாங்கிவிட்டு, யந்திரம் ஒழுகுகிறதே என்று விதியை நோவதில் பயனில்லை.

நொய்யலும் ஷெபீல்டும்

இக்கதையில் நமக்கென்று ஒரு பங்கு உண்டா? உண்டு. ராயபுரம் இருக்கும் இதே திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல், கிழக்கே கொடுமணலைத் தொட்டுச் செல்கிறது. அங்கே நடந்த அகழ்வாராய்ச்சியில் ஈராயிரம் வருஷங்களுக்கு முந்திய இரும்பு உலைகளின் எச்சங்கள் கிடைத்திருக்கின்றன. தென்னாட்டு மூசை உருக்கு கடல் கடந்து புகழ் பெற்றது. ஐரோப்பியர் அதை வழங்கிய பெயரே நம் உருக்கு என்ற சொல்லுக்கு இனமான கன்னடச் சொல்லிலிருந்து பிறந்தது என்பது பலர் கருத்து. இந்தியாவிலிருந்து சென்ற அந்த உருக்கின் ரகசியத்தை அறிய விரும்பித்தான் மைக்கேல் பாரடே, ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி வியாபாரியோடு சேர்ந்து, 1819 முதல் சில வருஷங்கள் இரும்போடு வெள்ளி, பிளாட்டினம், குரோமியம் முதலியவற்றைக் கலந்து பரீக்ஷித்தார். கலப்பு உருக்கு ஆராய்ச்சியின் தொடக்கங்களில் அது ஒன்று.

மற்றொரு தொடர்பும் உண்டு. சென்னை ராஜதானியில் உத்தியோகம் பார்த்த ஜோஸையா ஹீத் என்ற ஆங்கிலேயர், சேலத்து இரும்புத் தாதுவை நம்பிப் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்தார். 1839-இல் ஷெபீல்டு முறைக்கு மாங்கனீஸைச் சேர்க்கும் உபாயத்தைக் கண்டு காப்புரிமை பெற்றார். உருக்கின் விலையை வெகுவாகக் குறைத்த அவ்வுபாயத்தை ஆலைக்காரர்கள் சிறிது மாற்றி எடுத்துக்கொண்டார்கள். நெடுங்கால வழக்கில் பொருளை இழந்து, தீர்ப்பு வருமுன்னரே ஹீத் மாண்டார். கண்டவனுக்குப் பலன் மறுக்கும் வழக்கம் பிரியர்லிக்கு முன்பே அவ்வூரில் இருந்தது.

இப்பழம் பெருமையைச் சொல்லி மகிழ்வதோடு நாம் நின்றுவிடலாகாது. நம் கொல்லர்கள் வழிவழியாக அறிந்ததை எழுதி வைக்கவோ, அளந்து சோதிக்கவோ நாம் உதவவில்லை. அந்நிய ஆட்சியில் மலிவான சீமை இரும்பு வந்து குவிந்தபோது உலைகள் அணைந்தன. சுதந்திரம் பெற்ற பின்னரே மீண்டும் முயற்சி பிறந்தது. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் வழங்க, 1948-ஆம் வருஷம் ஜூலை 25-ந் தேதி ஜவாஹர்லால் நேரு மின்வேதியியல் ஆராய்ச்சிச் சாலைக்கு அஸ்திவாரக் கல் நாட்டினார். பிரியர்லி மறைந்து அப்போது பதினோரு நாட்களே ஆகியிருந்தன. உலோக அரிப்பைத் தடுக்கும் வழிகள் அங்கே இன்றும் ஆராயப்படுகின்றன. சேலத்து உருக்காலைக்கு 1970-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1980-களின் தொடக்கத்தில் எவர்சில்வர் தகடு வெளிவந்தது. கல்பாக்கத்து அணு ஆராய்ச்சி நிலையத்தார், கொதிக்கும் வெடியுப்புத் திராவகத்தைத் தாங்குவதற்கென்று டைட்டேனியத்தோடு 5 பங்கு டாண்டாலமும் 1.8 பங்கு நியோபியமும் சேர்த்த கலப்பு உலோகத்தை உருவாக்கியிருக்கிறார்கள். நம்மவரால் முடியாது என்று இனி ஒருவரும் சொல்வதற்கில்லை.

நாம் செய்ய வேண்டுவது

ஆயினும் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. சாயப்பட்டறையின் பாத்திரம் திராவகத்தையும் உப்பையும் தாங்கியது, நொய்யல் தாங்கவில்லை. பாத்திரத்தை அரிக்காத நீர் வெளியே சென்று ஆற்றையும் கிணற்றையும் வயலையும் அரித்தது. ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமாயிற்று. 2011-ஆம் வருஷம் ஜனவரியில் சென்னை ஐகோர்ட் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. தொழிலாளர் பலர் வேலை இழந்தனர். கழிவு நீரை ஒரு சொட்டும் வெளிவிடாமல் சுத்திகரித்து, உப்பைப் பிரித்தெடுத்து மீண்டும் உபயோகிக்கும் முறையை அதன் பின்னரே பட்டறைகள் கண்டிப்பாய்க் கைக்கொண்டன. அந்த உப்புநீரைக் கொதிக்க வைத்து வற்றச் செய்யும் யந்திரங்களில் உலோகம் படும் பாடு சாயத் தொட்டியில் பட்டதைவிடக் கொடிது. அரிப்பைத் தாங்கும் உலோகம் ஒரு காலத்தில் லாபத்தைக் காத்தது. இன்று ஆற்றைக் காக்கும் வேலையும் அதன் தலைமேல் விழுந்திருக்கிறது.

இங்கேதான் பிரியர்லியின் வாழ்க்கை நமக்குப் பயன்படுகிறது. யந்திரம் எங்கே முதலில் ஒழுகுகிறது, எந்தப் பற்றவைப்பில் செந்நிறம் ஏறுகிறது, எந்தச் சரக்கு ஊற்றிய நாளில் தகடு மங்குகிறது என்பதை முதலில் காண்பவன் பட்டறையில் நிற்கும் தொழிலாளி. அவன் கண்டதைக் கேட்பவர் உண்டா? கேட்டதை எழுதி வைப்பவர் உண்டா? எழுதியதைக் காரைக்குடிக்கோ வேறு ஆராய்ச்சிச் சாலைக்கோ அனுப்பி விடை பெறுபவர் உண்டா? திருப்பூரின் பெரிய ஸ்தாபனங்கள் ஒன்றுகூடினால், அரிப்பைச் சோதிக்கும் சாலை ஒன்றை இவ்வூரிலேயே நிறுவுவது முடியாத காரியமா? அதில் வேலைக்கு வரும் பையனுக்கு, ஜேம்ஸ் டெய்லரைப் போல ஒரு கணக்குப் புத்தகம் வாங்கிக் கொடுப்பார் இல்லாமலா போவர்?

முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை. பர்த் கம்பெனியார் தங்கள் ஆளை மதியாமல் இழந்தது நஷ்டம். நியாயத்தைப் பின்னால் செய்ய நேர்ந்தது அவமானம். தொழிலாளி கண்ட நுட்பத்தில் அவனுக்கும் பங்கு உண்டு என்று முன்கூட்டியே எழுத்தில் தந்துவிட்டால், கண்டதை மறைக்க மாட்டான்; வெளியேறவும் மாட்டான். தொழிலாளர் இயக்கத்தில் உழைக்கும் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. கூலி உயர்வு கேட்பது அவசியம். இரவுப் பள்ளி கேட்பதும், கண்டுபிடிப்பில் பங்கு கேட்பதும் அதே அளவு அவசியம்.

ஆகஸ்டு 13-ந் தேதியை ஷெபீல்டு நகரத்தார் தங்கள் சரித்திரத்தில் ஒரு நாளாக எண்ணுகிறார்கள். திருப்பூரிலுள்ள தொழிற்பயிற்சி நிலையங்களும் அந்நாளில் பிரியர்லியின் கதையை மாணவர்களுக்குச் சொல்லலாம். அதைக் கேட்கும் நூறு பையன்களில் ஒருவன், தன் வேலைக்கு இடையூறாகத் தோன்றிய ஒன்றைத் தூக்கி எறியாமல், திரும்ப எடுத்து இன்னொரு திராவகத்தில் இட்டுப் பார்ப்பானாயின், அன்று நாம் செலவிட்ட ஒரு மணி நேரம் வீணாகாது.